பூதத்தின் மூக்கில் வந்த புகை

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் மகனும் மருமகளும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் அண்ணியும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னாராமே. நீங்கள் குடியிருப்பதோ மூன்றாம் மாடி. டாக்டருக்கென்ன, அவரா ஏறப்போகிறார்?

என் கண் பரவாயில்லை. இன்னும் ஊசியில் நூல் கோக்கிறேன், மூன்றாவது முயற்சியில். இரண்டு வீட்டுத் திரைச்சீலைகள் ஓரம் மடித்துத் தைக்க வந்திருக்கின்றன. "போதும் அத்தை, மெஷினை மூடுங்க" என்கிறாள் மருமகள். மூடிவிட்டால் இந்தக் கைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் காதுக்குப் போன் ஆகாது என்பது ஒரு சாக்கு. உண்மையில் இதை வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

போன மாதம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். முப்பது வயது இருக்கும், பெரிய கண்ணாடி, தோளில் பை. பழைய படச் சுருள்களைத் தேடிப் பிடித்து, துடைத்து, கெடாமல் வைக்கிற ஓரிடத்தில் வேலையாம். மூடிக்கிடந்த தியேட்டர் ஒன்றை இடிக்கும்போது ஆபரேட்டர் அறையில் ஒன்பது தகர டப்பாக்கள் கிடைத்தனவாம். மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதித்தாளாம். எந்தப் படம் என்று கேட்டேன். 'பாசிப் பூதம்' என்றாள், அண்ணா.

கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

டைரக்டர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. சிரிப்பு நடிகர் குண்டூசி அண்ணனும் போய்விட்டார். படத்தின் தொடக்கத்தில் 'உடைகள்' என்று என் பேர் வருகிறதாம். தையல்காரர்கள் சங்கத்துப் பழைய பதிவேட்டில் தேடி என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள். "பூதமா நடிச்சது யாரும்மா? டைட்டில்ல பேரே இல்லையே" என்று கேட்டாள். என் அண்ணன் என்றேன். இந்தப் படத்தைப் பற்றி அவளிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

படத்தைச் சுத்தம் செய்து ஒரு பெரிய ஹாலில் திரையிடுகிறோம், நீங்கள் கட்டாயம் வரவேண்டும் என்றாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்திரண்டு வருஷமாக அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. நீயும் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். நம் இருவருக்கும் இடையே அந்தப் பேரே வந்ததில்லையே. ஆனால் மருமகள் பக்கத்தில் நின்றுகொண்டு, "அத்தை சினிமாவுல வேலை செஞ்சீங்களா? சொல்லவே இல்லையே!" என்று கண்ணை அகல விரித்தாள். எனக்கும் ஒரு நப்பாசை. போனேன்.

ஹால் நிறைய சின்ன வயசுக்காரர்கள், அண்ணா. நாம் படம் எடுத்தபோது இவர்களுடைய அப்பா அம்மாவே கைக்குழந்தைகளாக இருந்திருப்பார்கள். பேர் வரத் தொடங்கியதுமே கைதட்டினார்கள். குளத்து மேல் புகை மூட்டம் வந்தது. லைட்மேன் அண்ணன் வைக்கோல் கொளுத்தி அட்டையால் விசிறியது ஞாபகம் இருக்கிறதா? இருமி இருமி அவருக்குக் குரலே போய்விட்டது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து நீ எழுந்து வந்தாய்.

நீ எழுந்து வந்ததைப் பார்த்ததும் எனக்கு அந்த உடையின் வாடை வந்துவிட்டது. பழைய கார் சீட்டிலிருந்து உரித்த பஞ்சு, சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய செதில், கதவுக்கு அடிக்கிற பச்சை பெயிண்ட், அந்த ரப்பர் பசை. உனக்குத் தெரியாததா? ஆனாலும் எழுதுகிறேன். இதையெல்லாம் எழுதினால்தான் அடுத்ததை எழுதக் கை போகும். தினமும் காலையில் உன்னை உள்ளே விட்டு முதுகில் மெழுகு நூலால் நாற்பத்தெட்டுத் தையல் போடுவேன். அவ்வளவு நீளத்துக்கு ஜிப் எதற்கு, தையல் போதும் என்றுவிட்டார் டைரக்டர். சாப்பாட்டு நேரத்தில் கத்தரியால் பிரிப்பேன், மறுபடி தைப்பேன். "மெதுவா தை தாயே, முதுகுத் தோலையும் சேத்துத் தச்சுராத" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

பயங்கரப் படமாகத்தானே அதை ஆரம்பித்தார்கள்! எடுத்த வரைக்கும் போட்டுப் பார்த்தபோது, பூதம் வந்த இடமெல்லாம் பணம் போட்டவர் வீட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களே. டைரக்டர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் குண்டூசியைக் கூட்டிவந்து, "பயம் வரலேன்னா சிரிப்பு வரட்டும்" என்றார். உனக்கு முகம் சுண்டிப்போனது எனக்குத் தெரியும். இந்தப் படத்தில் உடம்பைக் காட்டு, அடுத்த படத்தில் முகத்தைக் காட்டலாம் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தார் அல்லவா? அதற்காக அதையும் ஏற்றுக்கொண்டாய். ஏற்றுக்கொண்டதோடு விட்டாயா? பூதம் பாசியில் வழுக்கிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கும். விளக்குக் கம்பத்தில் முதுகு சொறியும், சொறிந்த சுகத்தில் வந்த வேலையை மறந்துவிடும். அதற்கெல்லாம் ஹாலே ஆடியது, அண்ணா. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அந்த முற்றத்துக் காட்சி வந்தது.

அன்று எனக்கு ஒரு சின்ன வேஷம் கொடுத்திருந்தார்கள். துணிக்கூடையோடு வந்து, பூதத்தைப் பார்த்து அலற வேண்டும். பூப்போட்ட கவுன் போட்டுக்கொண்டேன். இடுப்பில் நாடாவில் எப்போதும் தொங்கும் கத்தரி கவுனுக்குள் புடைத்துத் தெரிந்தது. கழற்றித் தையல் அறையில் வைத்துவிட்டு வந்தேன். உன் கதவின் சாவி அது. அழகு போய்விடும் என்று அதைக் கழற்றிவைத்தேன்.

நீ வந்தாய், பூதத் தலையில் கண்ணுக்கு வைத்த பல்பு எரிந்தது. மூக்கில் புகை வந்தது. "அய்யோ, பூதம் மூக்கால சுருட்டுப் பிடிக்குதுடோய்!" என்றார் குண்டூசி. எல்லோரும் சிரித்தார்கள். நீ சுற்றினாய், துணிக்கொடியில் மாட்டிக்கொண்டாய், படுக்கை விரிப்பு உன்னைச் சுற்றிக்கொண்டது, விழுந்தாய், தவழ்ந்து தண்ணீர்த் தொட்டியில் தலைகுப்புறப் பாய்ந்தாய். தவளைக் கால் இரண்டும் மேலே நின்று உதைத்தன. டைரக்டர் நிறுத்தவில்லை; ஓட்டு, ஓட்டு என்று கையைச் சுழற்றினார். நீதான் தினமும் புதிதாக ஏதாவது செய்கிறவனாயிற்றே, இதுவும் அப்படித்தான் என்று நினைத்தோம். அலற வேண்டிய நான் சிரித்தேன். கேமராவை என் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

உதைத்த கால்கள் நின்றபோது முதலில் சிரிப்பை நிறுத்தியவர் லைட்மேன் அண்ணன். அவர்தான் குதித்தார். உடை தண்ணீரை உறிஞ்சிக் கல்லாகக் கனத்தது. "கத்தரி எங்கம்மா, கத்தரி எங்க?" என்று கத்தினார். நான் தையல் அறைக்கு ஓடிப்போய் எடுத்து வந்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. தலைக்குள் ஒயர் பொறி தட்டிப் பஞ்சும் பசையும் கருகி, உன் இடது கன்னத்தோடும் காதோடும் ஒட்டிப்போயிருந்தது.

இதெல்லாம் அந்தத் திரையில் இல்லை. திரையில் தொட்டி இருக்கிறது, கால் இருக்கிறது, அடுத்து வீட்டுச் சுவர் அளவுக்கு என் முகம் இருக்கிறது. பல்லெல்லாம் தெரிய நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஹாலில் எல்லோரும் என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள்.

படம் முடிந்து என்னை மேடைக்கு ஏற்றினார்கள். ஒரு பையன் எழுந்து, "அந்தத் தொட்டி சீன எப்படிம்மா எடுத்தீங்க? உலகத்துலயே இப்படி ஒரு காமெடி இல்ல" என்றான். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு பிரிந்தது, பிரியாமலே இருந்திருக்கலாம். "எல்லாம் எங்க அண்ணன் யோசனை. மூணு நாள் ஒத்திகை பாத்தோம். புகை வர்றதுக்கு மூக்குக்குள்ள ஒரு குழாய் வச்சு நான்தான் தச்சேன்" என்றேன். கைதட்டல் காதைப் பிளந்தது. இன்னொருத்தி, குழாய் எவ்வளவு நீளம் என்று கேட்டாள். "ஒரு முழம்" என்று வாய் கூசாமல் கையால் அளந்து காட்டினேன். கண்ணாடிக்காரப் பெண் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள், படத்தைப் பற்றிப் புத்தகம் போடப்போகிறாளாம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மருமகள் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் அந்தக் குழாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் தலையை ஆட்டுகிறேன்.

உன் விலாசம் கேட்டாள் அந்தப் பெண். தேடித் தருகிறேன் என்று தள்ளிவைத்திருக்கிறேன். அவள் உனக்கு எழுதுவதற்கு முன் என் மூலமாக உனக்குத் தெரிய வேண்டும். நீ எரிந்துகொண்டிருந்தபோது நான் சிரித்தேன். தெரியாமல் சிரித்தேன், ஆனாலும் சிரித்தேன். போதாததற்கு இப்போது அதை உன் நடிப்பு என்று விற்றுவிட்டும் வந்திருக்கிறேன்.

என்ன செய்யட்டும் என்று நீ சொல். திட்டியாவது எழுது.

உன் தங்கை

·

ஞாயிறு

தங்கச்சிக்கு,

கடிதம் வந்து எட்டு நாள் ஆயிற்று. அண்ணி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. உன் குற்றத்துக்கு எனக்கு ஏன் தண்டனை என்று கேட்டேன். முழங்கால் அப்படியே இருக்கிறது. கீழ் வீடு காலியாகிறது, கேட்டிருக்கிறோம்.

நீ நினைப்பது தப்பு. நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஊருக்கு வந்து பார்சல் ஆபீஸில் சேர்ந்த புதிது. கவுண்ட்டர் வேண்டாம், உள்ளறையில் மூட்டை பிரிக்கிற வேலை கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருந்தேன். ஒரு பகல் காட்சி, மழை. கழுத்துத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உள்ளே நாற்பது பேர் இருந்தால் அதிகம். நான் வழுக்கியதற்குச் சிரித்தார்கள். முதுகு சொறிந்ததற்கு ஒரு ஆள் சீட்டிலிருந்து எழுந்தே விட்டான். இருபத்தேழு வயதில் அது போதுமாக இருந்தது. தொட்டிக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கால் இரண்டும் அப்படி நிற்பது வேடிக்கையாகத்தான் இருந்தது.

உள்ளே இருந்தபோது எனக்கு எதுவும் கேட்கவில்லை. நீ சிரித்தாய் என்பதே அந்தத் தியேட்டரில்தான் தெரியும். தெரியாமல் சிரித்தவள்தானே என்று அன்றைக்கே விட்டுவிட்டேன். அதற்காக நாற்பது வருஷம் உருகியிருக்கிறாய் என்றால் வீண்.

எனக்கு உறுத்தியது வேறு. தொட்டிக்குப் பிறகும் படத்தில் பூதம் வருகிறது. மதில் ஏறுகிறது, காரைத் தூக்குகிறது, கடைசியில் குளத்துக்குள் போகிறது. அது நான் இல்லை. அவன் நடை மாடு நடப்பதுபோல் இருந்தது. சரி, வேறு ஆளைப் போட்டுப் படத்தை முடித்திருக்கிறார்கள், முடிக்கத்தானே வேண்டும்? ஆனால் அந்தப் பூதம் ஒரு இடத்தில் திரும்புகிறது. முதுகில் ஜிப். ஜிப்புக்கு இரண்டு பக்கமும் செதில் வரிசை. ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி, நுனி இடப்பக்கம் சாய்ந்து. அப்படி வைக்கிற கை எனக்குத் தெரியும். என் முதுகில் ஒரு மாதம் வேலை செய்த கை.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் நீ வரவில்லை. அம்மா தினமும் வந்தாள். அவளுக்குக் காய்ச்சல், அவளுக்குக் காய்ச்சல் என்றாள். பதினெட்டு நாள் என்ன காய்ச்சல்? பத்தொன்பதாம் நாள் வந்தாய். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துப் பேசினாய்.

நான் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். அந்த இரண்டாவது உடையைத் தைத்தது யார்?

அந்தப் பெண்ணுக்கு விலாசத்தைக் கொடு. தொட்டிக் காட்சியை வெட்ட வேண்டாம் என்று சொல். எனக்கென்று மிஞ்சியது அந்தச் சிரிப்புதான், அதையும் துடைத்துவிட வேண்டாம். சிரிக்கட்டும், ஆனால் யாரென்று தெரிந்துகொண்டு சிரிக்கட்டும். என் பேரைப் போடச் சொல். ஒரு முழக் குழாய் கதையை நீதான் போய் எடுக்க வேண்டும்.

திட்டச் சொன்னாய். வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது.

அண்ணன்

·

வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

நான்தான் தைத்தேன்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு அரை மணி நேரம் எழுந்து போய்விட்டேன். இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் டைரக்டர் வீட்டுக்கு வந்தார். உன்னைப் பற்றிக் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "படம் நின்னுச்சுன்னா உங்க அண்ணன் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும்மா" என்றார். அந்தப் பேச்சில் இருந்த சாமர்த்தியம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து உன் முகத்தைப் பார்ப்பதைவிட மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது. பதினைந்து நாள் தைத்தேன். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லும்படி அம்மாவிடம் நான்தான் கெஞ்சினேன். சாகும்வரை அம்மா இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்கு அடி.

இந்த முறை ஜிப்பை டைரக்டரே வாங்கி வந்தார். மூன்று தெரு தள்ளி, கூடாரம் தைக்கிற கடையில் இருந்ததாம். உள்ளே போன ஆள் ஒரு பயில்வான். "தங்கச்சி, சீக்கிரம் மாட்டு, வேர்க்குது" என்றான். ஒரே இழுப்பில் மேலே போயிற்று, ஒரே இழுப்பில் கீழே வந்தது. இது உனக்கு இருந்திருந்தால் கத்தரியே வேண்டாம். ஜிப் வாங்கித் தாருங்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, அண்ணா. என் நாற்பத்தெட்டுத் தையலைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள், அதில் எனக்குப் பெருமை.

இவ்வளவும் நீயே கண்டுபிடித்தது. நாற்பது வருஷம் தெரிந்துகொண்டே என் மகனின் பிறந்தநாளுக்கு வருஷா வருஷம் வாழ்த்து அனுப்பியிருக்கிறாய். இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. சொல்லாமல் விட்டுவிட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் தெரியாமல் சிரித்தவள் என்று நினைத்து என்னை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த மன்னிப்பை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

நீ தியேட்டரில் கேட்ட சிரிப்பு அன்று முற்றத்தில் சிரித்தது இல்லை.

படம் பிடிக்கும்போது சத்தம் பதிவாகாது, அது உனக்கும் தெரியும். பேச்செல்லாம் பிறகு ஒலிப்பதிவு அறையில் சேர்ப்பதுதான். இரண்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். உனக்குக் கன்னத்துக் கட்டு அப்போதும் பிரிக்கவில்லை. அன்று காலை உனக்குக் கஞ்சியை ஸ்பூனில் கொடுத்துவிட்டுத்தான் போனேன். இருட்டறை, சுவரெல்லாம் துணி, முன்னால் மைக். திரையில் உன் கால்கள் உதைத்தன, என் வாய் திறந்தது. அந்த வாய்க்குச் சத்தம் கொடுக்க வேண்டும். உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று அப்போது எனக்கு நன்றாகவே தெரியும். முதல் தடவை சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை அழுகைபோல் வந்தது. "இன்னும் சத்தமா, மனசு விட்டு" என்றார் டைரக்டர். அடுத்த படத்தில் எனக்கு வசனம் பேசுகிற வேஷம் தருவதாக ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். உனக்குக் கொடுத்த அதே வாக்கு. மூன்றாம் தடவை மனசு விட்டுச் சிரித்தேன், அண்ணா. நன்றாக வந்தது. ஒலிப்பதிவாளர்கூடச் சிரித்துவிட்டார்.

வேஷமும் வரவில்லை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் மட்டும் என்ன?

உன் கடிதம் கிடைத்த மறுநாளே அந்தப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குழாயும் இல்லை, ஒத்திகையும் இல்லை என்றேன். அவள் பேனாவை மூடிவிட்டாள். "அந்தச் சீன எடுத்துரலாமாம்மா?" என்று கேட்டாள். நீ எழுதியதை அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி ஒரு காட்சி இருக்கிறது, நீங்களே சொல்கிறீர்களா என்றாள். மருமகளிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அன்று சாயங்காலம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறுநாள் தானாக வந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

போன சனிக்கிழமை படம் தொடங்குவதற்கு முன் மேடையில் நின்று சொன்னேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். ஆனால் கத்தரியை ஏன் கழற்றினேன் என்பது வரைக்கும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவார்கள்? இறங்கி வந்து உட்கார்ந்தேன்.

படத்தின் முதலில் உன் பேர் வந்தது. 'பூதமாக நடித்தவர்' என்று தனி எழுத்தில், யாருடைய பேரும் கூட இல்லாமல். நீ பாசியில் வழுக்கினாய். யாரும் சிரிக்கவில்லை. கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். நீ திரும்பிப் பார்த்தாயே, யாராவது பார்த்தார்களா என்று, அப்போது எங்கோ பின்வரிசையில் ஒருத்தர் பொத்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும். முதுகு சொறிந்தபோது கைதட்டல் நிற்கவே இல்லை. அதற்கு நானும் சிரித்தேன். இந்தத் தடவை உன் திறமைக்குத்தான் சிரித்தேன்.

தொட்டி வந்ததும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சிரிக்கட்டும் என்றுதான் நீ எழுதியிருந்தாய், அதையும் சொன்னேன். அவர்களால் முடியவில்லை, அவர்களைக் குறை சொல்லாதே. அந்த அமைதியில் ஒலிபெருக்கியிலிருந்து என் சிரிப்பு மட்டும் வந்தது, அண்ணா. இருபத்திரண்டு வயதுக் குரல், மனசு விட்டு. அவ்வளவு பெரிய ஹாலில் துணைக்கு ஒரு சிரிப்பு இல்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை என்ன செய்வது? முழுதும் கேட்டேன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்க வேண்டாம் என்று எடுத்துவிட்டேன், அதைக் கேட்கும்போது ஒருவர் கையில் என் கை இருப்பது நியாயமில்லை என்று பட்டது.

நீ மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. முதலில் மன்னித்தது தவறான கணக்கில் என்று தெரிந்த பிறகு, இப்போது என்ன நினைக்கிறாயோ அதை நினை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் நான்கு தடவை உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நான்கு தடவையும் அண்ணிதான் கதவைத் திறந்தாள், அண்ணிதான் நமக்கு நடுவில் உட்கார்ந்தாள். நீ ஜன்னல் பக்கம் வலது கன்னத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தாய், நான் நாள்காட்டியைப் பார்த்துப் பேசினேன். உன் இடது கன்னம் எப்படி ஆறியிருக்கிறது என்று உன் கூடப்பிறந்த எனக்குத் தெரியாது. வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

இருபதாம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். பகல் பதினொரு மணிக்கு வந்து சேரும். வராதே என்று நீ எழுதினால் வரமாட்டேன், உனக்கு அந்த உரிமை இருக்கிறது. ஒன்றும் எழுதாவிட்டால் வந்துவிடுவேன். அண்ணியின் முழங்காலைத் தொந்தரவு செய்ய வேண்டாம். நான் வாசல் மணி அடித்ததும் நீயே வந்து கதவைத் திற அண்ணா. துண்டைச் சுற்றிக்கொள்ளாமல் வா.

நீங்கள் இருவரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை